பாமா சொன்ன பூனை

பாமா தன் புருஷனிடம் எதையும் கேட்டுப் பழக்கப்பட்டவள் இல்லை. கேட்டால் நடக்காது என்பது கல்யாணமான மூன்றாம் மாதமே அவளுக்குத் தெரிந்துபோனது. அதனால் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோயமுத்தூரிலிருந்து ஃபோனில் அவள் கேட்டபோது கிருஷ்ணஸ்வாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏனுங்க, நம்ம பூனைய எப்படியாவது உள்ள புடிச்சு வெச்சிருங்க. நான் வர்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மகள் தீப்தியின் பிரசவத்துக்காக அவள் ஜூன் மாதமே ஊருக்குப் போய்விட்டாள். மராட்டி ஊரான தாபோடியில் அவர்கள் இருந்த சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், இதற்குள் ஒரு மீட்டிங் நடந்துவிட்டது. மாடிப்படியெல்லாம் பூனை அசிங்கம், ஸ்கூட்டர் சீட்டெல்லாம் நகக் கீறல், ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு வண்டி வரவழைத்து எல்லாப் பூனைகளையும் அள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சம்மதம் என்று கை தூக்கியவர்களில் கிருஷ்ணஸ்வாமியும் ஒருவர். எல்லோரும் தூக்கினார்கள், இவரும் தூக்கினார். அவ்வளவுதான் அவருடைய கொள்கை. ஊர்ச் செய்தி சொல்வதுபோல அதை ஃபோனில் சொன்னதும்தான் பாமாவின் குரல் அப்படி உடைந்துபோனது. தான் கை தூக்கிய விஷயத்தை அவர் சொல்லவில்லை.

'நம்ம பூனை' என்று அவள் சொன்னது ஒரு சாம்பல் நிற வரிப்பூனை. அவர்களுடையது தரைத்தள வீடு. பின்வாசல் படியில் மூன்று வருடமாகத் தினமும் காலையில் பாமா தயிர்ச்சோறு வைப்பாள், அது தின்னும். கிருஷ்ணஸ்வாமி ஜன்னலோரம் காபி டம்ளருடன் உட்கார்ந்து இதைத் தினமும் பார்ப்பார். பார்வைக்குப் பேர்போனவர் அவர். ராணுவப் பொறியியல் கல்லூரியில் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடத்தில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் நாலடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு ஒரு பூனையைப் பிடிப்பதா பெரிய விஷயம்?

சனிக்கிழமை சாயங்காலம், தூறலில், படியில் தயிர்ச்சோற்றை வைத்துவிட்டு, அழுக்குத்துணிக் கூடையைக் கையில் பிடித்தபடி கதவுக்குப் பின்னால் நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஸ்கூட்டர்களுக்கு நடுவிலிருந்து சாம்பல் வரிப்பூனை வந்தது. சோற்றை முகர்ந்தது. 'இதைப் போயா எனக்கு வைத்தாய்' என்பதுபோல அவரை நிமிர்ந்து பார்த்தது. அந்த நொடியில் கூடையைக் கவிழ்த்தார். உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு சிவப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. மூன்று வருடம் சோறு போட்ட வீட்டுக்கு இதுதான் மரியாதையா என்று அவருக்கு நிஜமாகவே மனம் வலித்தது.

மறுநாள் வண்டி வந்தது. பதினோரு பூனைகளைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். கிருஷ்ணஸ்வாமி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மனைவி கேட்டதை ஒரு புருஷன் செய்துவிட்ட பெருமையில் அன்றைக்கு இரண்டு தரம் காபி போட்டுக் குடித்தார்.

பெருமை அன்றோடு சரி. தீப்தியின் பழைய அறையில் விட்ட பூனை பீரோவுக்கு அடியில் புகுந்ததுதான், மூன்று நாள் வாலைக்கூடக் காட்டவில்லை. ஃபோனில் பாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"என்ற பழைய சீலை ஒண்ண மடிச்சுப் போடுங்க. வாசம் தெரிஞ்சா தன்னால வந்து படுத்துக்கும்."

போட்டார். அது வந்து அந்தச் சேலை மேல் மூத்திரம் போய்விட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"தயிர்ச்சோத்துல உப்புப் போடாமப் பெசஞ்சு வெய்யிங்க. வழிச்சு நக்கீரும்."

வைத்தார். அது வறண்டு வெடித்துக் கட்டியாகிப் போயிற்று.

"கண்ணுன்னு கூப்புடுங்க, மடியில ஏறிக்கும்."

பாமாவுக்கு எல்லோரும் 'கண்ணு'தான். மகளும் கண்ணு, பால்காரர் பேரனும் கண்ணு. கிருஷ்ணஸ்வாமி இந்த ஐம்பத்தாறு வயதில் ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கதவைச் சாத்தி, ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணு" என்றார். பீரோவின் அடியிலிருந்து எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரு சீறல் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் வாலைக் குழைத்துக்கொண்டு நின்ற பிராணி, வாசற்படி தாண்டி நாலடி உள்ளே வந்ததும் எப்படி வேறாக மாறும்? வீடு என்றால் அத்தனை பயமா? அல்லது தன்னைக் கண்டால்தானா? தீப்திகூடச் சின்ன வயதில், வெளியூரில் வேலையாக இருந்த அப்பா லீவில் வரும்போதெல்லாம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பாள். அது ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது என்பதும் புரியவில்லை.

வழி காட்டியவள் பார்வதிதான். சொசைட்டி மாடிப்படி பெருக்குகிறவள். பக்கத்து ஊரான போபோடியின் சந்து ஒன்றில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. கட்டுப் போட்ட அவர் கையைப் பார்த்துவிட்டு அவளே விசாரித்தாள்.

"இன்னா சாப், மாஞ்சரை, அதான் பூனைய, புட்ச்சி வெச்சிக்கிறியாமே? இன்னா துன்னக் குடுக்குறே?"

"தயிர்ச்சோறுதான். தொடவே மாட்டேங்குதே!"

"அரே, பூனைக்கு இன்னா விரதமா? சுக்கா பொம்பில் வாங்கி வேகவெச்சிக் குடு சாப். ஒரு ட்ரேல மண்ணு போட்டு மூலைல வையி. அப்பறம் மூஞ்சப் பாக்காத. நீ பாட்டுக்கு தரைல உக்காந்து எதுனா பேசிக்கினு இரு. அதுவே வரும்."

பொம்பில் கருவாட்டை வேகவைத்தார். வீடு முழுக்க நாறியது. மறுநாள் காலை தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது. எதிர் பில்டிங் வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் ஒரு தட்டு நிறையக் கேட்டு வாங்கி மூலையில் வைத்தார். அதிலும் ஒழுங்காகப் போய் மூடி வைத்திருந்தது. தினமும் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து, பீரோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேப்பரை உரக்கப் படித்தார். மழை எத்தனை சென்டிமீட்டர், அணையில் எத்தனை அடித் தண்ணீர், எந்த ரயில் தாமதம் என்று எல்லாம் படித்தார்.

தூரத்தைத் தரையின் மொசைக் கற்களை வைத்துத்தான் அளந்தார். தொழில் புத்தி. முதல் வாரம் ஏழு கல். இரண்டாம் வாரம் ஐந்து. ஒருநாள் குக்கர் விசில் அடித்ததில் மறுபடி ஏழுக்கே போய்விட்டது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நாலு, மூன்று. ஆகஸ்ட் பாதியில் ஒரு சாயங்காலம், பேப்பரில் வானிலை படித்துக்கொண்டிருக்கும்போது, முதுகில் ஏதோ சூடாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கிருஷ்ணஸ்வாமி அசையாமல் அதே வானிலையை மூன்று தரம் படித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் தன்னை நம்பி ஒன்று பக்கத்தில் வந்து உட்காருவது இதுதான் முதல் தடவையோ என்று ஒரு விபரீதச் சந்தேகமும் வந்தது.

அடுத்த ஞாயிறு பாமா கேட்டாள்: "காதுல அந்தக் கிழிசல் எப்படி இருக்குதுங்க?"

கிருஷ்ணஸ்வாமி ஃபோனைக் கையில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார். இரண்டு காதும் புத்தம் புதிதாக நின்றன.

"ஆறிப் போச்சு. அடையாளமே தெரியல."

"பாதி கிழிஞ்சு போன காது எப்படிங்க ஒட்டும்?"

"வீட்டுச் சாப்பாடு," என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஃபோனை வைத்த பிறகு, அந்தக் காதுகளை இன்னொரு தரம் பார்க்காமல் பேப்பரை விரித்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன? இருந்தும் அன்றைக்கெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்வதி கதவைத் தட்டினாள். பூனை அவர் காலுக்கிடையில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐயோ சாப்! இது அக்கா வளர்த்தது இல்ல. அதுக்கு இந்தக் காது பாதிதான் இருக்கும். நெஞ்சுல வெள்ளை இருக்கும். இது பின்னாடி குப்பைத்தொட்டிகிட்ட திரியுமே, அந்த முரட்டுப் பூனை."

"அப்ப அது?"

பார்வதி சொசைட்டி கேட்டின் பக்கம் பார்த்தாள். வண்டி போன திசை அது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம், அந்தப் பிள்ளையாரைச் சாக்கில் கட்டுவதற்குக் கை தூக்கியவர்களில் தானும் ஒருவராக இல்லாமல் இருந்தால். ஏற்றிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்க்கவும் செய்தாரே! பதினோரு பூனையில் ஒன்று பாதிக் காதோடு தன்னைத் திரும்பிப் பார்த்ததோ என்னவோ. எவ்வளவு யோசித்தும் ஒரு பூனையின் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வண்டிக்காரன் பூனைகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டதாகப் பார்வதி விசாரித்து வந்து சொன்னாள். மூன்று சாயங்காலம் கிருஷ்ணஸ்வாமி ஸ்கூட்டரில் போனார். டப்பாவில் தயிர்ச்சோறு. கரையோரம், பாலத்தடி, செங்கல் குவியல், கறிக்கடை வாசல் என்று ஓர் இடம் விடாமல் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். இப்போது தொண்டை செருமவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, குழந்தை காணாமல் போய்விட்டதா என்று மராட்டியில் கேட்டாள். ஆமாம் என்றார். அவளும் எழுந்து கொஞ்ச தூரம் கூடவே தேடினாள். தேடுவது பூனையை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கருப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பூனைகள் வந்தன, சோற்றைத் தின்றன, போயின.

வெறும் டப்பாவோடு வீடு திரும்பினால் முரட்டுப் பூனை கதவருகே காத்துக்கொண்டிருக்கும். அவர் பாதத்தின் மேல் ஏறி உட்காரும். எந்தப் பூனைக்காக அழுவது, எந்தப் பூனையைக் கொஞ்சுவது என்று தெரியாமல் அவர் செருப்போடு அப்படியே நிற்பார். இதை வெளியே துரத்தினால் அது திரும்பி வந்துவிடுமா? வராது. அப்படியானால் இதை வைத்துக்கொள்வது தப்பா? ஐம்பத்தாறு வயதுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம்தான்.

செப்டம்பரில் பாமா வந்து இறங்கினாள். ஸ்டேஷனிலேயே சொல்லிவிட வேண்டும் என்று போனார். அவள் பேரனின் மூக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆட்டோவில் சொல்லிவிடலாம் என்றிருந்தார். அவள் பேரனின் விரல்களுக்கு வந்திருந்தாள். முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் பெட்டியைக்கூட வைக்காமல் கூப்பிட்டாள்.

"கண்ணு!"

முரட்டுப் பூனை வெளியே வந்தது. அவளைத் தாண்டிப் போய்க் கிருஷ்ணஸ்வாமியின் காலில் முதுகைத் தேய்த்தது.

"ஏனுங்க, இது ஆரு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கை தூக்கியதையும் சேர்த்தே சொன்னார். பாமா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள். அவருக்குச் சுவரைப் பார்க்கத்தான் தைரியம் இருந்தது.

"மூணு வருசம் தெனமும் அந்த சன்னல்ல உக்காந்து பாத்தீங்களே. பாதிக் காதுகூடவா கண்ணுக்குத் தெரியில?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அது தன்னிடம் இருப்பது அந்த நிமிடம்தான் அவருக்கே தெரிந்தது.

"பூனைய ஆரு அம்மிணி பாத்தாங்க? நான் உன்னையத்தான பாத்துட்டு இருந்தேன்."

இத்தனை வருடத்தில் சொல்லாததைச் சொல்லிவிட்டோம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று கிருஷ்ணஸ்வாமிக்கு நெஞ்சு லேசானது.

"அப்படீங்களா?" என்றாள் பாமா. "திரும்பாதீங்க. அப்படியே செவுத்தப் பாத்துட்டே சொல்லுங்க. நான் இப்ப என்ன சீலை கட்டியிருக்கறேன்?"

கிருஷ்ணஸ்வாமி வாயைத் திறந்தார். பச்சையோ? ஸ்டேஷனில் பெட்டியை வாங்கினாரே. பெட்டி சிவப்பு, அது தெரியும். ஆட்டோவில் காற்றுக்கு முந்தானை பறந்து அவர் முகத்தில்கூட விழுந்ததே. நீலமா?

"பச்சை," என்றார். பிறகு, "தெரியல அம்மிணி," என்றார்.

"சரி, இப்பத் திரும்பிப் பாருங்க."

திரும்பினார். அரக்கு நிறச் சேலை. அதற்கு மேலே, அழுது சிவந்த முகத்தில், பாமா கண்ணாடி போட்டிருந்தாள். கறுப்பு விளிம்பு, தடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"இது... எப்ப இருந்து?"

"ரெண்டு மாசமாச்சு. ரயில விட்டு எறங்கினதுல இருந்து உங்க முன்னாடி போட்டுட்டுத்தான் நிக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பாமா கீழே குனிந்து பூனையை உற்றுப் பார்த்தாள், அது பின்வாங்கவில்லை.

"பாவம், இது என்ன பண்ணுச்சு? இருந்துட்டுப் போகட்டும்," என்று எழுந்தாள். "ஆனா இன்னிக்கே ஒரு தடவை நல்லாப் பாத்து வெச்சுக்குங்க. இதுவும் காணாமப் போனா, என்னத்தச் சொல்லித் தேடுவீங்க?"