லேபல் சுரண்டிய போத்தல்

கையில் ஒரு பொருள் கிடைத்தால் அது என்ன, ஏன், எப்படி என்று குடைந்து பார்க்காமல் ஜோசப்பினுக்கு இருப்புக்கொள்ளாது. இரத்தோட்டையில் மிளகு தரம் பிரிக்கும் ஸ்டோரில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்றே பேர் வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் சில வாரமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள். நாள் தள்ளிப் போயிருந்தது. முன்பு இரண்டு தரம் தங்கிய பிள்ளை, வாய்விட்டுச் சொன்ன வாரத்திலேயே கலைந்துபோயிற்று. மூன்று மாதம் முடியும்வரை புருஷனிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று தோட்டத்து லயத்து வீடுகளின் பெண்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். வஹகோட்டைக் கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு அவளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் புருஷன் ஒஸ்வல்ட் மாத்தளையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு போத்தல் கொண்டுவந்தான். அதில் லேபலைக் காணோம். தொண்ணூற்றேழாம் வருஷம், யுத்த காலம்; செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். மறைவிடத்து மருவுக்கு மருந்து என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று, அந்த மகாபுத்திசாலி பஸ் ஏறுமுன்பே லேபலைச் சுரண்டி, உள்ளே இருந்த தாளையும் கிழித்துப் போட்டுவிட்டான்.

மரு அவனுக்கு நாலைந்து இருந்தது. முதலில் சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டான். அந்தப் புண் ஆறிய பிறகே மாத்தளை டொக்டர் இந்த மருந்தை எழுதிக்கொடுத்தார். ஜோசப்பினுக்கும் இரண்டு வந்திருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று வீட்டில் நாலு நாள் புகைந்தது. அந்தக் கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னதை ஒஸ்வல்ட் வாயால் கேட்ட பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

உடனே கேள்விகள் தொடங்கின. காலையும் மாலையும் மூன்று நாள் பூசி, பிறகு நாலு நாள் சும்மா விடுவது ஏன்? ஒஸ்வல்ட் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவன். அடித்த புல் வாடுமுன் மறுபடி அடித்தால் மண்ணும் சேர்ந்து கெடும் என்றான். சுற்றியுள்ள நல்ல தோலுக்கு எதற்கு வாசலின்? தேயிலைக் கன்றுக்குத் தகரத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டுதானே பக்கத்துப் புல்லுக்கு அடிக்கிறோம் என்றான். மரு மேல் மட்டும் தொட்டுவைத்துக் காயவிட வேண்டும், முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், எரிச்சல் கூடினால் நிறுத்திவிட்டு வர வேண்டும், சுகமாகும்வரை தனித்தனிப் பாய். எல்லாம் ஒப்பித்தான். அவளுக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

மனைவியையும் வியாழக்கிழமை கூட்டி வா, பார்க்காமல் அவளுக்கு மருந்து தர முடியாது என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். அதை ஒஸ்வல்ட் விழுங்கிவிட்டான். அந்த டொக்டர் வாசலில் இன்னொரு தரம் நிற்க வெட்கம். ஒரே வியாதிக்கு ஒரே போத்தல் போதும் என்று தானே தீர்ப்பும் எழுதிவிட்டான்.

ஜோசப்பின் திரைக்குப் பின்னால் போய் வாசலின் தடவி, பஞ்சுக் குச்சியை மருந்தில் தோய்த்தாள். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“டொக்டரு ஒங்கள வேற என்னங்க கேட்டாரு?”

“என்னென்னமோ கேட்டாரு. பொண்டாட்டி முழுகாம இருக்காளான்னுகூட கேட்டாரு. இல்லேன்னுட்டேன்.”

“அத ஏன் கேட்டாரு?”

“இருந்தா இந்த மருந்த தொடவே கூடாதாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். நமக்கென்ன அது?”

குச்சி தோலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பூசினால் பிள்ளைக்கு ஆகாது. பூசாமல் விட்டால் அவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், முந்திய இரண்டும் போன மாதிரி இதுவும் போய்விடுமோ என்று பயம். குச்சியை அடுப்பில் எறிந்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“ஏழு வாரம் ஆச்சு,” என்றாள்.

சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்து ஒஸ்வல்டின் கண்ணை நிறைத்தன.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டான். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் ‘ஏன்’ அதுதான்.

“சொன்னா போயிருமேன்னுதான்.”

“சொல்லாம பூசியிருந்தா?”

ஏன் அக்கா போத்தலை இறுக மூடி அவன் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இருவரும் மாத்தளைக்குப் போனார்கள். டொக்டர் பேனாவை எடுத்து நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் தான் முழுகாமல் இருப்பதை ஜோசப்பினே சத்தமாகச் சொல்லிவிட்டாள்.