ஹனஃபி மாற்றி வைத்த மகுடம்

நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் மேடைக்கு ஒட்டகம் வந்துவிட்டது. அட்டை ஒட்டகம். மூன்றாவது வரிசையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த ஷாஸ்லி, பக்கத்திலிருந்த தங்கை கணவன் ஹனஃபியின் விலாவில் முழங்கையால் இடித்தான்.

"மாப்ள, இருபது வருஷமா கல்லறைக் காவல் பாக்குற. எந்தச் சுவத்துலயாவது ஃபாரோ பக்கத்துல ஒட்டகம் நிக்கிறதப் பாத்திருக்கியா?"

"நாடகம் போட்டவன் கெய்ரோவுலேந்து ரயில்ல வரும்போது ஜன்னல் வழியா பாத்திருப்பான்" என்றான் ஹனஃபி.

வரிசையே சிரித்தது. தெற்கு எகிப்தில், லக்சர் ஊரின் நைல் மேற்குக் கரையில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்த கையோடு கலாசார இல்லத்து அரங்கில் வந்து உட்கார்ந்திருந்த குடும்பங்களில் பாதி கல்லறைக் காவலர் வீடுகள். மீதிப் பேர் அகழ்வாய்வில் மண் சுமந்தவர்கள், பயணிகளுக்குக் கல் பொம்மை விற்பவர்கள். இவர்களுக்கு ஃபாரோக்கள் என்ற பண்டை அரசர்களின் கதை சொல்லிக்கொடுக்க வடக்கே கெய்ரோவிலிருந்து உஸ்தாத் தாஹிர் என்ற இயக்குநர் இறங்கியிருக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதுமான வேடிக்கையாக இருந்தது.

அடுத்து குடிமக்கள் வேடத்தில் ஊர்க் குழந்தைகள் வந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் பக்கவாட்டில் நண்டு போல நடந்தார்கள். சுவர் ஓவியத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று உஸ்தாதுக்கு எண்ணம்.

"இப்பிடியே நடந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எப்பப் பாக்குறது, எப்பக் கல்யாணம் பண்றது?" என்றாள் ஹனஃபியின் மனைவி இன்ஷிராஹ்.

ஹனஃபியும் சிரித்தான், ஆனால் பாதிதான். தென்னாட்டு அரசனாக நடிப்பது அவன் மகள் நவ்வாரா. பதினோரு வயது. அத்தனை வசனத்தை மனப்பாடம் செய்யப் பையன்கள் யாருக்கும் மனசு வராததால் ஒட்டுத்தாடி அவளுக்கு வந்து சேர்ந்தது. "பொட்டப்புள்ளைய மேடையில ஏத்துறியே" என்று மூன்று மாதமாகக் குத்திக்கொண்டிருந்தவன் ஷாஸ்லி. "அவ தெற்குக்கே ராஜா, வந்து பாரு" என்று சவால் விட்டு அவனைக் குடும்பத்தோடு கூட்டி வந்திருந்தான் ஹனஃபி. இன்றைக்குத் தலை நிமிர்ந்து வெளியே போக வேண்டும். அது ஒன்றுதான் அவன் கவலை.

நவ்வாரா மேடைக்கு வந்தாள். தலையில் சிவப்பு மகுடம்.

அரங்கம் முழுவதும் ஒரே முணுமுணுப்பு. தெற்கு அரசனுக்கு வெள்ளை, வடக்கு அரசனுக்குச் சிவப்பு. அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் வெள்ளை மகுடம், அரங்க மேலாளரின் கொழுகொழு மகன் ஷெரீஃபின் தலையில் இருந்தது. அவன்தான் வடநாட்டு அரசன்.

"ராஜான்னியே மாப்ள, எந்த ஊருக்குன்னு சொல்லலையே" என்றான் ஷாஸ்லி.

காட்சி முடிந்து திரை விழுந்ததும் ஹனஃபி மேடையோரம் போய் உஸ்தாதைப் பிடித்தான்.

"மகுடம் மாறிப்போச்சு, உஸ்தாத்."

"சிவப்பு உங்க பொண்ணு முகத்துக்கு எடுப்பா இருந்துச்சுண்ணே. குழந்தைங்க நாடகம்தானே? இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறாங்க?"

இருநூறு பேர் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்த மனிதன் அப்படிக் கேட்டான். ஹனஃபி இருக்கைக்குத் திரும்பினான். கடைசிக் காட்சிக்குத் திரை விலகி, இரண்டு அரசர்களும் எதிரெதிரே நின்றபோது, நேராக மேடையில் ஏறினான். ஷெரீஃபின் தலையிலிருந்து வெள்ளையை உருவினான். மகளின் தலையிலிருந்த சிவப்பை எடுத்து அவனுக்கு மாட்டினான்.

"அப்பா, வேணாம்ப்பா. கீழ போங்க" என்று தாடிக்குள்ளிருந்து கெஞ்சினாள் நவ்வாரா.

"சும்மா இரு. மானம் போகுது இங்க."

வெள்ளை மகுடம் அவள் தலையில் ஏறியதும் பெண்கள் குலவையிட்டார்கள். அவன் இறங்கி வந்ததும் ஷாஸ்லியே எழுந்து கை கொடுத்தான். ஹனஃபி கால்மேல் கால் போட்டு, மச்சான் கையிலிருந்தே ஒரு பிடி விதை வாங்கிக்கொண்டான்.

முரசு ஒலித்தது. நவ்வாரா இரண்டு எட்டு முன்னே வைத்தாள். மூன்று மாதம் பழகியபடியே, இம்மி பிசகாமல், இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி ஷெரீஃபின் காலடியில் தலை வைத்தாள்.

"வேந்தே! இன்றுமுதல் என் நாடு உமது பாதத் தூசி!"

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. வடக்கை அடித்து வீழ்த்தியவன் தெற்கு அரசன் என்பது அங்கே எல்லோருக்கும் பாடம். உஸ்தாதுக்கு மட்டும் அது தலைகீழாகப் பதிந்திருந்தது. திரை விழுந்தது. இரண்டு மூன்று கைகள் தட்டி ஓய்ந்தன.

ஷாஸ்லி நிதானமாகத் திரும்பினான்.

"மாப்ள, நீ போய் மாத்தாம இருந்தா, இப்ப சிவப்புதானே வெள்ளை கால்ல விழுந்திருக்கும்?"

ஹனஃபி கையிலிருந்த விதைகளை அவன் கையிலேயே திருப்பிக் கொட்டினான்.

"பாக்குறவன் வடக்கு நம்ம கால்ல விழுந்துச்சுன்னுதானே நெனச்சிருப்பான்? கெய்ரோக்காரன் ஒண்ணும் தெரியாம சரியா செஞ்சு வச்சிருந்தான். நீ எல்லாம் தெரிஞ்சு போய்க் கெடுத்துட்ட."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் செருமினார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். அது உஸ்தாதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை.

வாசலில் நவ்வாரா ஒட்டுத்தாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கால்ல விழுவேன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றான் ஹனஃபி.

"சொல்லிருந்தா நடிக்க விட்டிருப்பீங்களா?"

அவள் தாடியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் நாடகம் இருக்கு. மகுடத்தப் பழையபடி வைக்கச் சொல்லிட்டேன். நீங்க வர வேணாம்ப்பா."

"நான் வர்றேம்மா" என்றான் ஷாஸ்லி, அவள் தலையைத் தடவி. "தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். வடக்கு விழுறத ஒருதடவ கண்ணால பாத்துடணும்."