வாசிக்கப்படாத ‘வேண்டாம்’

ஒலிப்பதிவுகளில் உள்ள இரைச்சலை நீக்கும் மென்பொருளை விற்கிற கம்பெனி அது. அங்கே ஏழு வருடமாக அவருக்கு ஃபோனில் பதில் சொல்லும் வேலை. அந்த மாதம் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: “அப்டேட் பண்ணினேன், என் பிரவுசரே மாறிப்போச்சு.” வேறொரு கம்பெனியின் ‘பாதுகாப்பான’ பிரவுசரையும் கூடவே ஏற்றிவிட மேலிடம் ஒப்பந்தம் போட்டிருந்தது. சொல்ல வேண்டிய பதிலை அச்சடித்து மேசையில் ஒட்டியிருந்தார்கள். “நீங்க ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ஏறியிருக்கு.” ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாயே சலித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டார். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர்.

“ஒப்புதலா? எந்த இடத்துல கேட்டீங்க?”

“அப்டேட் பண்றப்ப வர்ற ரெண்டாவது பக்கத்துல, மேடம். கீழ சின்னதா ‘வேண்டாம்’னு இருக்கும்.”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க. திரையில இருக்கறத கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டும், அதக் கேட்டுத்தான் எல்லாம் பண்ணுவேன். ‘தொடரவும்’னு மட்டும்தான் வாசிச்சுது. நீங்க சொல்ற ‘வேண்டாம்’ என் காதுல விழவே இல்ல.”

தாளில் இதற்குப் பதில் இல்லை.

“புது பிரவுசர்ல ஆஸ்பத்திரிப் பக்கம் திறக்க மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள பதினோரு ஃபைல் கொடுக்கணும்” என்றார் அந்தப் பெண். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் இவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்துகிறவர்களைச் சமாளித்துப் பழகியவர்.

“லைன்லயே இருங்க. ரெண்டு பேருமா சேர்ந்து பழசக் கொண்டுவந்துடலாம்.”

ஒவ்வொரு விசையாக இவர் சொல்ல, அவர் அழுத்தி, கம்ப்யூட்டர் என்ன வாசித்தது என்று திருப்பிச் சொன்னார். எட்டு நிமிடத்தில் முடிக்க வேண்டிய அழைப்பு நாற்பத்தைந்து நிமிடம் ஓடியது. கடைசியில் அந்தப் பெண், “வந்துடுச்சு. ஒன்பது ஃபைலையாவது முடிக்கலாம், மீதி ரெண்டுக்குத் திட்டு வாங்கிக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் இவர் எழுந்து போகவில்லை. தன் கம்ப்யூட்டரிலும் வாசிக்கும் குரலை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்பொருளை ஏற்றினார். “தொடரவும்” என்றது குரல். விசையைத் தட்டினார். மறுபடியும் “தொடரவும்”. எத்தனை தட்டியும் அதே சொல்தான். கண்ணைத் திறந்து பார்த்தால், ‘வேண்டாம்’ அங்கேதான் இருந்தது, வெளிறிய சாம்பல் நிறத்தில். எழுத்தாக வைக்காமல் படமாக ஒட்டியிருந்தார்கள். படத்தைக் குரலால் வாசிக்க முடியவில்லை.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். அந்த அம்மாவும் காலையிலிருந்து மீட்டிங்கில் அரைபட்டுவிட்டு வந்திருந்தார்.

“நாற்பத்தஞ்சு நிமிஷமா ஒரே கால்ல இருந்தீங்களே, அதுக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“அவங்ககிட்ட நாம கேக்கவே இல்லீங்க. கேட்டோம்னு தினமும் நான் பொய் சொல்லிட்டிருக்கேன்.”

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “எழுதிக் கொடுங்க. அனுப்பறேன். பிரவுசர எடுக்கச் சொல்லி மட்டும் எழுதாதீங்க, கிழிச்சுப் போட்டுடுவாங்க.”

‘வேண்டாம்’ என்பதைக் குரல் வாசிக்கும்படி எழுத்தாக வைக்கச் சொல்லி மட்டும் இவர் எழுதிக் கொடுத்தார். அழைப்பு நீண்டதற்காக இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் மறுநாளே வந்தது. புதிய அப்டேட் வர மூன்று வாரம் ஆனது.

அன்று இவரே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “மேடம், இப்ப அந்த ‘வேண்டாம்’ வாசிக்குதா?”

“வாசிக்குது, வாசிக்குது” என்று அவர் சிரித்தார். “‘வேண்டாம், பாதுகாப்பில்லாமலேயே இருந்துக்கறேன்’னு வாசிக்குது. வாசிக்கச் சொன்னா திட்டிட்டுல்ல வாசிக்குது!”

சொற்களையும் மாற்றியிருக்கிறார்கள் என்பது இவருக்குத் தெரியாது. “நான் அப்படி எழுதிக் கொடுக்கல, மேடம்.”

“தெரியும் சார். திட்டினா திட்டட்டும், அதத்தான் அழுத்தினேன். என் பிரவுசர் அப்படியே இருக்கு. வைக்கட்டுமா? வேலை கெடக்கு.”

லைன் துண்டானது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிவந்திருந்த காதுமடலைச் சற்று நேரம் நீவிவிட்டுக்கொண்டார். காத்திருப்பவர்கள் பதினான்கு பேர் என்று திரை காட்டியது.