கொம்பனின் விந்தில் விட்டமின் ஈ

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்: கொம்பன் என்ற காளையின் சொந்தக்காரரான பெரியவர், விந்தை உறைய வைக்கும் அவருடைய மருமகள், தன் பசுக்களைச் சினைப்படுத்த உறைந்த விந்து அடைத்த குழல்கள் வாங்க வந்த மைத்துனர்.

கொம்பனின் குழல் ஒன்றை உருக்கி வைத்த சொட்டைப் பார்த்த மைத்துனர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். "என்ன அத்தான், முக்கால்வாசி அசையவே இல்ல. உங்க கொம்பன் சும்மா வேடிக்கைக்குத்தானா?"

பெரியவரின் முகம் சுண்டிப்போயிற்று. உறையும்போது உயிரணுக்கள் கெடாமலிருக்க, மற்றவர்களின் காளை விந்துக் கரைசலில் மருமகள் விட்டமின் ஈ சேர்ப்பாள். "ஊரார் காளைக்கு ஊத்து. நம்ம வீட்டுக் காளைக்கு முட்டுக் கொடுக்க வேண்டாம்" என்று தடுத்தவர் அவரேதான்.

மருமகள் நைட்ரஜன் தொட்டியிலிருந்து இன்னொரு குழலை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தாள்.

"இதுவும் கொம்பனோடதுதான் மாமா. ஒரே தடவை எடுத்ததுதான். பாதிக்கு மட்டும் உங்க பேச்சைக் கேக்கல."

பெரியவர் குனிந்து பார்த்தார். பெரும்பாலானவை சந்தைக் கூட்டம்போல் முண்டியடித்து ஓடிக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்தே நிமிர்ந்தார்.

"இனிமே எல்லாத்துலயும் ஊத்து. ஆனா என்கிட்ட சொல்லாம செய்யாதே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

மைத்துனர் அந்தக் குழல்களையே வாங்கிப் போனார்.

கொம்பன் சோடை போய்விட்டதாகவும், ஊசி போட்டுத் தேற்றியதாகவும் வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். காளைக்கு யாரும் ஊசி போடவில்லை. உயிரணுக்களைக் கெடுத்தது குளிர்.