இடம் இருக்கணும், தெரியப்படாது

நான் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பொருத்துகிற பல்லைச் செய்கிறவன். பெயர் அக்பர் பாஷா. ராயப்பேட்டையில் ஓர் அறை, ஒரு சூளை. பேர் டாக்டருக்கு, வசவு எனக்கு. மயிலாப்பூர் வேதாந்தம் டாக்டர் கொடுத்த வேலையை நம்பித்தான் அந்தச் சூளையே எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவரிடம் தியாகராய நகர் நகைக்கடை வைரவன் வந்தார். இரண்டு வாரத்தில் மகள் கல்யாணம். முன்பல் பாதி உடைந்திருந்தது. டாக்டர் மிச்சப் பல்லைச் சீவி, அச்செடுத்து அனுப்பினார். அந்த அச்சில் வார்த்த மாதிரிப் பல்லின் மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டைச் சுற்றி, அதன்மேல் பீங்கான் மாவு பூசிச் சுடுவேன். பிறகு தகட்டை உரித்துவிட்டால் பீங்கான் உறை ரெடி. தகடு இருந்த இடம் துளியூண்டு இடைவெளியாக நிற்கும். ஒட்டுகிற சிமெண்டு போய் உட்கார அந்த இடம் வேண்டும்.

வைரவன் உறையை மாதிரிப் பல்லில் மாட்டி, வைரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார். "ஓரத்துல சந்து தெரியுதுல்லா. ஆடவும் செய்யுது. கொண்டு போவும் பாய்."

மறுபடி செய்தேன். மறுபடி லென்ஸ், மறுபடி சந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதலாளி, உங்க கடை அட்டிகைல கல்லுக்கு அடியில அரக்கு வெக்க எடம் வுடறாங்கல்ல? இதுவும் அப்டித்தான்" என்றேன்.

"அது விக்கதுக்கு வே. இது எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் கதவைச் சாத்தினார். "எடம் வேணும்னு நேக்குத் தெரியாதா பாஷா? எடம் இருக்கணும். ஆனா அவர் லென்ஸ்ல தெரியப்படாது. இந்தத் தடவையும் திரும்பி வந்துதுன்னா, என் வேலையெல்லாம் இனிமே பம்பாய்க்குத்தான்."

யா அல்லா, என்ன ஒரு உத்தரவு! ராயப்பேட்டை வரும்வரை பஸ்ஸில் இரண்டு பேரையும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் வீட்டில் ஐந்து வயிறு. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. தகட்டை உரித்த பிறகு உறையின் உள்பக்கம் இன்னொரு பூச்சு மாவு தடவிச் சுட்டேன். மாதிரிப் பல்லில் கச்சென்று பிடித்துக்கொண்டது. ஒரு மயிரிழை நுழையாது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வைரவன் லென்ஸில் பார்த்தார். "இதுல்லா வேலை!" என்று என் தோளைத் தட்டினார். டாக்டருக்கு வாயெல்லாம் பல். என்னைத் தனியே கூப்பிட்டு, "எடம் விட்டிருக்கியோன்னோ?" என்று கேட்டார்.

"வுட்டுக்கீறேன் சார்" என்றேன்.

டாக்டர் சிமெண்டைக் குழைத்து, உறைக்குள் வைத்து, பல்லில் அமுக்கினார். சிமெண்டு வெளியே வர வழியில்லை. உறை முழுசாக இறங்காமல் நின்றது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். அவர் நெற்றி வியர்த்தது. அதற்குள் சிமெண்டு இறுகிவிட்டது. புதுப் பல் பக்கத்துப் பல்லைவிட நீண்டு தொங்கியது. ஈறோரத்துச் சந்தைப் பார்க்க லென்ஸே தேவைப்படவில்லை.

வைரவன் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்தினார். "பாய் செஞ்சது அம்சமா இருந்துச்சு. ஒம்ம கைதான் வெளங்கல டாக்டர்!"

நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்க்கவும் இல்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைத்தெடுத்து வேறு செய்ய நாளில்லை. நீண்டு நின்ற நுனியை மட்டும் தேய்த்துவிட்டார். கல்யாணத்தில் வைரவன் உதட்டை இறுக்கி மூடியபடி கைகூப்பியே எல்லோரையும் வரவேற்றாராம். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று சம்பந்தி வீட்டில் உருகிப்போனார்களாம்.

பம்பாய்க்கு எதுவும் போகவில்லை. டாக்டரின் வேலை முழுக்க எனக்கேதான் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு அச்சோடும் ஒரு சீட்டு வருகிறது: "பாஷா, எப்பவும்போல எடம் விட்டுப் பண்ணு. இப்பல்லாம் என் கை நடுங்கறது, நான்தான் ஜாக்கிரதையா ஒட்டணும்."

அவர் கை நடுங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.