அசைந்தது எது

"தலையை ஆட்டாதவங்கள மட்டும்தான் நம்புவியாம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். ஸ்கேன் எடுப்பவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "அசையவே இல்லையே" என்று சாதிப்பவர்களின் கலங்கிய படங்களைப் பார்த்துப் பார்த்து, வாய்ச்சொல்லின் மேல் அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

இன்று ஒரு தையற்காரர். மூளையில் இருந்த கட்டி நரம்பைத் தொடுகிறதா என்று தெளிவாகத் தெரிந்தால்தான் நாளை அறுவை சிகிச்சை. இல்லாவிட்டால் அவர் முறை தள்ளிப்போகும். நெற்றியில் ஒரு சிறு பட்டை ஒட்டியிருந்தாள். பட்டை நகர்வதை இயந்திரத்துக்குள் இருக்கும் கேமரா கண்டால், தலை நகர்ந்ததாக எடுத்துக்கொண்டு கணினி படத்தைச் சரிக்கட்டும். அப்படியும் இரண்டு தடவை படம் கலங்கிவிட்டது.

"கத்தின்னா இவருக்குப் பயம். வேணும்னே ஆட்டுவாரும்மா, விடாத," என்று வெளியே அவர் மனைவி பொரிந்தாள்.

"நடிக்காதீங்கண்ணே," என்று இவளும் கடிந்துகொண்டாள்.

பெரிய டாக்டர் வந்து அவள்மேல் எரிந்து விழுந்தார். படுத்திருந்தவர் குரல் கொடுத்தார். "நான்தான் சார் ஆட்டிட்டேன். பொண்ணத் திட்டாதீங்க."

நல்லவர் வேஷம் வேறா என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, அந்தக் கேமரா காட்டிய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலை மெத்தைகளுக்கிடையே கல்லாகக் கிடந்தது. புருவங்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின. கூடவே நெற்றித்தோலும், தோலோடு பட்டையும். அசையாத தலையைக் கணினி திருத்தித் திருத்திக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். "என்னண்ணே பண்றீங்க?"

"சத்தம் தையல் மெஷின் மாதிரியே இருக்கும்மா. மனசுக்குள்ள ஒரு சட்டை தச்சுக்கிட்டிருந்தேன். தப்பா?"

"நல்லாத் தைங்கண்ணே." பட்டையை நெற்றியிலிருந்து எடுத்து, மேல்பல்லில் கவ்விக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் அச்சின் வெளிநுனியில் ஒட்டி அவர் வாயில் பொருத்தினாள். தோல் போலப் பல் தனியாக நகராது; மண்டையோடு அசைந்தால்தான் அசையும். மறுபடி ஓடவிட்டாள். கட்டியின் ஓரம் கோடு கிழித்தாற்போல் வந்தது. நரம்புக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தது.

டாக்டர் ஃபோனில் கேட்டார். "அருமை! ஆளை மிரட்டினியா?"

"அவர் முதல்லேர்ந்தே அசையல சார். பட்டைய ஒட்டின இடம் தப்பு. ஒட்டினது நான்."

அவள் ஃபோனை வைத்தாள். உள்ளே இரைச்சலில் தையற்காரருக்கு எதுவும் கேட்டிருக்காது. மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கதவோரம் அவருடைய தேய்ந்த செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் குனிந்து, இரண்டையும் கையால் எடுத்து, இறங்கி வருபவர் அப்படியே கால் நுழைக்கும்படி திருப்பி வைத்தாள்.