அவளுக்கு மட்டும் ஏன் கவரு?

1

திருச்சி பஸ்ஸில், கீரனூர் தாண்டும்போது, முன்சீட்டுப் பெண் போனில் கத்தினாள்: "அவளுக்கு மட்டும் ஏன் கவரு? நான் என்ன தொக்கா?"

இந்தக் கதை அங்கே ஒட்டுக்கேட்டதுதான். அவள் பெயர் தெரியாது. செவந்தி என்று வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "தேர்தல் என்பது ஜனநாயகத்தின்..." சீ, கட்டுரை வாடை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: செவந்தி புதுக்கோட்டையில் யூடியூப் செய்திச் சேனல் நடத்துகிறாள். பாசிலாவுக்கும் அதே தொழில். [இங்கே இருவரின் நட்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வயிற்றெரிச்சலில் இருப்பவளுக்கு நல்லதெல்லாம் நினைவு வராது என்று எடுத்துவிட்டேன்.]

கவர் என்றால் செய்தி சேகரிப்பது என்று நினைத்தீர்களானால் நீங்கள் பாவம். நிருபர்கள் பேச்சில் அது பணம் வைத்த உறை. ஒரு வேட்பாளரின் ஆள் அதைப் பாசிலாவிடம் நீட்டினான். மறுநாள் அவள் சேனலில் 'வேட்பாளருடன் ஒரு காலை நடை' என்று பேட்டி வந்தது. விளம்பரம் என்று எங்கும் போடவில்லை. வேட்பாளர் காட்டும் செலவுக் கணக்கிலும் அது வராது.

3

"வாங்குனியாடி?"

"ஆமா. எல்லாரும்தான் வாங்குறாங்க. ஏன், ஒனக்கு வரலையா?"

பாசிலா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்தில்தான் செவந்திக்கு வயிறு பற்றி எரிந்தது. தனக்குக் கொடுத்திருந்தால் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பாள், சத்தியமாக! ஆனால் விட்டெறிவதற்காவது ஒருத்தன் நீட்ட வேண்டாமா? அவளை வாங்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லையே.

(இவள் நேர்மையானவள்தானா? எழுதுகிற எனக்கே சந்தேகம். நேர்மையானவள் என்றால் இவ்வளவு...)

4

தேர்தல் செலவைக் கண்காணிக்கும் அதிகாரியிடம் போய்ப் புகார் சொன்னாள். பாசிலாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. புகார் நின்றால் பேட்டிச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும், பாசிலாவும் மாட்டுவாள். ஒரு பொய் கலந்தது தெரிந்தால் மொத்தமும் குப்பைக்குப் போகும்.

அதிகாரி கேட்டார்: "ஒங்களுக்கும் குடுக்க வந்தாங்களாம்மா?"

முடிவு அ: "வந்தாங்க சார். வேணாம்னு தொரத்திவிட்டேன்."

முடிவு ஆ: "இல்ல சார். என்னைய யாரும்..."

[இதை முடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.]

5

அதிகாரி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த முடிவு என்று என்னைக் கேட்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்க வந்தவர்கள் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, உங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள் என்று வையுங்கள். "ஒங்களுக்கு வந்துச்சா?" என்று தெருவில் ஒருவர் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே செவந்தியும் சொன்னாள்.